வண்ணப் பாடமும் நம் பிள்ளைகளும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நடுநிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

காலையிலிருந்து இம்மேடையில் கல்வி உதவித்தொகை பற்றியும், மாணவர் விடுதிகள் பற்றியும், இடஒதுக்கீடு பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றினார்கள். அவை நம் சமூகத்தின் உயிர்நாடியான செய்திகள். அவற்றின் நடுவே ஓர் ஓவிய ஆசிரியனுக்கும் இடம் தந்திருக்கிறீர்கள். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு நிறங்களின் இயல்பைக் கைப்பயிற்சியின் வழியே கற்பிப்பது எவ்வாறு என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள்.

"படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பசியை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வியை எள்ளி நகையாடுதல் ஆகாது. அவர்களுக்கு என் விடை இதுதான்: எல்லாப் பிள்ளைகளையும் ஓவியராக்குவதற்காக இப்பாடத்தை நான் நடத்தவில்லை. நூலில் எழுதியிருப்பதையும், ஆசிரியர் சொல்வதையும், ஊரார் சொல்வதையும் தன் கையாலும் கண்ணாலும் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை, மிகக் குறைந்த செலவில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தரக்கூடிய பாடம் வண்ணப் பாடம். சோதித்துப் பார்க்காமல் பிறர் சொல்லை ஏற்றுக்கொண்டதால் நம் முன்னோர் பட்ட துன்பத்தை நான் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிறம் என்ற சொல்லுக்கும் நமக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. வடமொழியில் 'வர்ணம்' என்றால் நிறம்; அதே சொல்லுக்கு நால்வகைச் சாதிப் பிரிவு என்றும் பொருள். அந்நான்கிற்கும் வெளியே நிறுத்தப்பட்ட நம்மை 'அவர்ணர்' என்றனர். சொல்லுக்கு நேர்ப்பொருள் கொண்டால், நிறமற்றவர் என்பதாகும். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் நான்கு வருணத்தார்க்கும் வெண்மை, செம்மை, மஞ்சள், கருமை என நிறம் பிரித்துக் கூறுகிறார். கேட்டுக்கொண்டிருந்த பரத்துவாசர் வாளாவிருக்கவில்லை. நிறத்தைக் கொண்டுதான் பிரிவு என்றால், எல்லாப் பிரிவிலும் எல்லா நிறங்களும் கலந்து காணப்படுகின்றனவே என்று வினவுகிறார். கண்ணால் கண்டதை வைத்துக் கேட்ட கேள்வி அது. அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டு வெளியிட்ட 'சூத்திரர்கள் யார்?' என்னும் ஆராய்ச்சி நூலில், வருணப் பிரிவு தோலின் நிறத்திலிருந்து தோன்றியது என்ற மேனாட்டார் கொள்கையைச் சான்றுகளோடு ஆராய்ந்து மறுத்தார். யார் சொன்னார் என்பதைவிட, சான்று எது என்று கேட்பதே அவர் வழி. அவ்வழியை ஒரு தட்டு வண்ணக் குழம்பைக் கொண்டும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்பதே என் உரையின் சாரம். ஐந்து பாடங்களாக அதை விளக்குகிறேன்.

முதற்பாடம் ஒளி. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கண்ணாடியைச் சாய்வாக வைத்து, சன்னல் வழியே வரும் வெயிலில் வையுங்கள். கண்ணாடியிலிருந்து திரும்பும் ஒளி நீரின் வழியே வெளிப்பட்டு, எதிர்ச்சுவரில் வானவில்லாய் விழும். மழையில்லாத நாளில் வகுப்பறைக்குள் வானவில்லைக் கண்ட பிள்ளைகளின் முகமலர்ச்சியை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். அடுத்து எழ வேண்டியது கேள்வி. நிறங்கள் எங்கிருந்து வந்தன? தண்ணீர் கொடுத்ததா, கண்ணாடி கொடுத்ததா? இதே கேள்வியை எழுப்பிய நியூட்டன் ஒரு முப்பட்டகத்தின் வழியே வெயிலை நிறங்களாகப் பிரித்தார். பிரிந்த ஒளியிலிருந்து ஒரு நிறத்தை மட்டும் இரண்டாவது முப்பட்டகத்தின் வழியே செலுத்தினார். அது மேலும் நிறம் மாறவில்லை. ஆகவே கண்ணாடி நிறத்தைக் கொடுக்கவில்லை. வெள்ளொளிக்குள் எல்லா நிறங்களும் முன்பே அடங்கியிருக்கின்றன என்று முடிவு கண்டார். 1672ஆம் ஆண்டு இதை அறிஞர் அவைக்கு எழுதினார். 1704ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். வெண்மை என்பது தூய்மையான தனி நிறம் என்று அதுவரை அறிஞரும் நம்பியிருந்தனர். அது எல்லா நிறங்களின் கூட்டு என்பது ஒரு சன்னல் துளையாலும் இரண்டு கண்ணாடித் துண்டுகளாலும் மெய்ப்பிக்கப்பட்டது.

பின்பு வட்டமான அட்டையில் ஏழு நிறங்களைத் தீட்டி, நடுவில் இரண்டு துளையிட்டு, நூல் கோத்துச் சுழற்றச் செய்ய வேண்டும். நிறங்கள் மறைந்து சாம்பல் கலந்த வெண்மை தோன்றும். "ஏன் சார், சுத்த வெள்ளையாக வரவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் வெற்றி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். நாம் தீட்டிய வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. அதனால் வெண்மையின் ஒளி குறைகிறது. பிள்ளையின் ஐயம் சரியானது. அதற்குக் காரணமும் உண்டு.

இரண்டாம் பாடம் கலவை. மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று வண்ணங்களை மட்டும் கொடுத்து, இவற்றிலிருந்து எத்தனை நிறங்கள் பிறக்கின்றன என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணளவில் கலக்கவிடாமல், சிறு கரண்டியால் அளந்து கலக்கச் செய்தல் நன்று. மூன்று கரண்டி மஞ்சளுக்கு ஒரு கரண்டி நீலம் என்றால் இளந்தளிர்ப் பச்சை. ஒன்றுக்கு ஒன்று என்றால் முற்றிய இலைப் பச்சை. இவ்வளவை எல்லாம் நிறக் குறிப்பேட்டில் எழுதிப் பக்கத்தில் அந்நிறத்தைத் தீட்டி வைக்க வேண்டும். கணக்கு வகுப்பில் விகிதம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சும் பிள்ளை இங்கே விகிதத்தைக் கண்ணால் காண்கிறது.

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை வருவது ஏன்? மஞ்சள் வண்ணப்பொருள் நீல ஒளியை விழுங்குகிறது. நீல வண்ணப்பொருள் சிவப்பொளியை விழுங்குகிறது. இரண்டும் விழுங்காமல் விட்டுவிடும் பச்சை ஒளியே நம் கண்ணை வந்தடைகிறது. ஆகவே வண்ணக் கலவை என்பது கழித்தல் கணக்கு. ஒளியைக் கலப்பதோ கூட்டல் கணக்கு; சிவப்பொளியும் பச்சை ஒளியும் ஒரே இடத்தில் விழுந்தால் மஞ்சள் தோன்றும். இதற்கும் சான்று கையருகே இருக்கிறது. வெண்மையாக ஒளிரும் கைப்பேசித் திரையின்மேல் ஒரு சிறு துளி நீரை வைத்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கியாகிச் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். வெண்மை அங்கே இல்லவே இல்லை.

சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரும் என்று பாடநூல் சொல்லும். பிள்ளைகள் கலந்தால் பல நேரம் கலங்கிய சேற்று நிறமே வரும். அப்போது பிள்ளையைக் கடிந்துகொள்ளக் கூடாது. செங்காவிச் சாயலுள்ள சிவப்பு, நீல ஒளியை விழுங்கிவிடுவதால் ஊதா தெளிவதில்லை. இளஞ்சிவப்புச் சாயலுள்ள மெஜந்தாவைக் கொடுத்தால் தெளிந்த ஊதா பிறக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெ ப்ளோன் என்னும் ஓவியர் நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று அச்சுத் தகடுகளால் பலநிறப் படங்களை அச்சிட்டார். இன்றைய அச்சகங்கள் பசுநீலம், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றோடு கறுப்பையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. வீட்டிற்கு வரும் ஒரு சுவரொட்டித் துண்டை உருப்பெருக்கியால் பார்த்தால் அந்நான்கு புள்ளிகளும் தெரியும். பாடநூலின் சொல்லுக்கும் கைக்கு வந்த நிறத்திற்கும் இடையே வேறுபாடு தோன்றினால், கை பொய் சொல்கிறது என்று உடனே முடிவு செய்யலாகாது என்பதைப் பிள்ளைகள் இங்கே கற்கிறார்கள்.

மூன்றாம் பாடம் அண்டை நிறம். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின்மேலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின்மேலும் ஒட்டச் செய்யுங்கள். கறுப்பின்மேல் இருப்பது வெளுத்தும், வெள்ளையின்மேல் இருப்பது கறுத்தும் தோன்றும். இரண்டும் ஒன்றே என்று வெட்டிய பிள்ளைக்குத் தெரியும். ஆயினும் கண் நம்ப மறுக்கும்.

பாரிசு நகரின் கோபலின் நெசவுச் சாலையில் 1824ஆம் ஆண்டு சாயப்பிரிவின் பொறுப்பேற்றவர் செவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் நெசவில் சோர்ந்து தெரிகிறது என்று அவரிடம் முறையீடு வந்தது. அவர் வேறிடங்களில் சாயமிட்ட கறுப்பு நூலைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. நீலத்திற்கும் ஊதாவிற்கும் அருகே வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. இவ்வாராய்ச்சியை விரித்து 1839ஆம் ஆண்டு பெரும் நூலாக வெளியிட்டார். குற்றம் நூலில் இல்லை, பக்கத்தில் வைத்ததில் இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ஒரு பிள்ளையை மந்தம் என்று எழுதுமுன், அப்பிள்ளையை எதன் பக்கத்தில் வைத்து அளந்தோம் என்று நாமும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

இப்பாடத்திற்கு வண்ணக் குழம்பே வேண்டியதில்லை. ஜோசப் ஆல்பர்ஸ் என்னும் ஓவியப் பேராசிரியர் தம் மாணவர்களுக்கு வண்ணத் தாள்களைக் கொண்டே இதைப் பயிற்றினார்; அவருடைய நூல் 1963இல் வெளிவந்தது. பழைய அழைப்பிதழ்களும் நாட்காட்டித் தாள்களும் நமக்குப் போதும்.

நான்காம் பாடம் நம் மண்ணின் நிறங்கள். மஞ்சள் தூளைக் கரைத்துத் தாளில் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு நீரால் எழுதினால் எழுத்து சிவந்து தோன்றும். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். சுண்ணாம்பு நீர் சேர்த்தால் பச்சையாகும். அமிலம், காரம் என்ற வேதியியல் பாடம் அடுப்படியிலேயே இருக்கிறது. அவுரி இலையை நீரில் ஊறவைத்தால் நீர் நீலமாவதில்லை. மஞ்சள் கலந்த பச்சையாகவே இருக்கும். அந்நீரை அடித்துக் காற்றோடு கலக்கும்போதுதான் நீலம் பிறக்கிறது. அந்நாளில் தொட்டிக்குள் இறங்கி நின்று அந்நீரை அடித்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டு, அந்தத் தொழில் கடல் கடந்து பெயர் பெறக் காரணமாக இருந்த கைகள் யாருடையவை என்பதை இந்த அவை அறியும். 1856ஆம் ஆண்டு பதினெட்டு வயது இளைஞரான பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் ஊதாச் சாயத்தைக் கண்டார். 1897ஆம் ஆண்டு செயற்கை நீலம் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி வாணிகம் சரிந்தது. கை மட்டும் உழைத்த இடத்தில், கையோடு கேள்வியும் சேர்ந்த நாடு முந்திக்கொண்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கைப்பயிற்சி என்றவுடன் நம் பெரியவர்களுக்கு ஓர் அச்சம் எழும். அந்த அச்சம் வரலாற்றிலிருந்து வந்தது. 1953ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதிநேரம் பெற்றோர் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் அதை எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. நான் சொல்லும் கைப்பயிற்சி அதற்கு நேர்மாறானது. தோல் பதனிட்டவர் பிள்ளை தோல் பதனிடக் கற்பதற்காக ஆவாரம்பட்டையைத் தொடவில்லை. பட்டை ஏன் தோலைப் பதப்படுத்துகிறது என்று கேட்பதற்காகத் தொடுகிறது. அதே பட்டையை ஊரின் எல்லாப் பிள்ளைகளும் தொட வேண்டும். ஒரு சாதியின் பிள்ளைகளுக்கு மட்டும் கைவேலையும் மற்றவர்க்கு ஏட்டுக் கல்வியும் என்று எந்தப் பள்ளி பிரித்தாலும், அங்கே வண்ணப் பாடம் நடக்கவில்லை, பழைய வருணப் பாடமே நடக்கிறது என்று பொருள்.

ஐந்தாம் பாடம் நம் தோலின் நிறம். வண்ணப் பென்சில் பெட்டியில் இளஞ்சிவப்பான ஒரு பென்சிலைப் பிள்ளைகள் 'தோல் கலர்' என்று அழைக்கிறார்கள். அந்த வகுப்பில் ஒருவர் தோலும் அந்நிறத்தில் இல்லை; ஆயினும் தாயின் முகத்தை வரையும்போது அதையே எடுக்கிறார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 'சதை' என்று பெயரிட்டிருந்த தன் வண்ணக்கோலின் பெயரை 1962ஆம் ஆண்டு மாற்றியது. 2020ஆம் ஆண்டு பல்வேறு மனிதத் தோல் நிறங்களில் இருபத்து நான்கு கோல்கள் கொண்ட பெட்டியை வெளியிட்டது. நம் பிள்ளைகள் அப்பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை ஆகிய நான்கையும் கொடுத்து, "உன் புறங்கையின் நிறத்தைக் கலந்து காட்டு" என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் முதலில் கறுப்பைக் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. மஞ்சளும் சிவப்பும் சேர்த்துச் சிறிது நீலம் விட்டால் மண்ணின் நிறம் வரும். வெள்ளை ஒரு துளி விட்டுப் புறங்கையில் தீட்டிப் பார்த்தால், ஒருகட்டத்தில் வண்ணம் தோலோடு ஒன்றித் தெரியாமல் போகும். அந்த நேரத்தில் வகுப்பில் ஓர் அமைதி நிலவும். பிறகு குறிப்பேடுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். சிவந்தவள் என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கும், கறுப்பன் என்று கேலிக்கு ஆளான பையனுக்கும் அதே வண்ணங்கள்தாம் தேவைப்பட்டன; அளவு மட்டுமே வேறு. அறிவியலும் இதற்கு நெருங்கிய செய்தியைச் சொல்கிறது. எல்லா மனிதர்க்கும் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதைச் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றே. சுரக்கும் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. கடும் வெயிலின் தீங்கிலிருந்து உடலைக் காக்கும் கவசம் அது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைகளை நிறவரிசையில் நிறுத்தி ஒப்பிடுதல் கூடவே கூடாது. ஒப்பிட வேண்டியவை குறிப்பேட்டில் உள்ள அளவுகளே அன்றிப் பிள்ளைகளின் முகங்கள் அல்ல.

இனி நடைமுறை பற்றிச் சில சொற்கள். நால்வர்க்கு ஒரு தட்டு, ஒரு குவளை நீர் என்பது எங்கள் வகுப்பின் முறை. தனித்தனிக் குவளை வேண்டாம் என்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. அம்பேத்கர் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது கோணித்துணியில் தனியே அமர்ந்ததும், பியூன் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததும், பின்னர் 1927இல் மகாத் நகரில் பொதுக்குளத்து நீரை ஆயிரக்கணக்கானோருடன் அள்ளிப் பருகியதும் நாம் அறிந்தவை. ஒரே குவளையில் எல்லாப் பிள்ளைகளும் தூரிகை கழுவும் பழக்கம் சிறிதாகத் தோன்றலாம். சிறிய வயதில் படிந்த பழக்கமே பெரிய வயதில் நிற்கும்.

வகுப்பு முடிந்தபின் தரையைத் துடைப்பது யார்? நம் பிள்ளைகளைக் கொண்டே பள்ளியைக் கூட்டச் செய்த கொடுமை இன்னும் சில இடங்களில் செய்தியாக வருகிறது. ஆகவே துடைக்கும் முறையைப் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வரிசையாக வர வேண்டும். ஆசிரியர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

மதிப்பெண் படத்தின் அழகுக்கு அன்று, குறிப்பேட்டின் நேர்மைக்கு. எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, காரணம் என்னவாக இருக்கலாம் என்ற மூன்றையும் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். இக்குறை பெரும்பாலும் பிறவியில் வருவது. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி. அப்பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று தண்டித்தல் பெரும் அநீதி. வண்ணக் கிண்ணங்களில் பெயர் எழுதி ஒட்டினால் அவனும் மற்றவரைப் போல் அளந்து கலப்பான். வெளிச்சம், இருள் என்ற வேறுபாட்டை அவனும் காண்பான்.

பெரியோர்களே, இக்கழகத்தின் நிர்வாகத்திற்கு என் விண்ணப்பம் மூன்று. நம் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் வண்ணப் பாடத்திற்கென ஓர் அலமாரி வேண்டும். ஓவிய வகுப்பைத் தேர்வுக் காலத்தில் கணக்கு வகுப்பிற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளின் நிறக் குறிப்பேடுகளைப் பெற்றோர் முன் காட்சிக்கு வைக்க வேண்டும். எழுதப் படிக்க அறியாத தாயும் அக்குறிப்பேட்டைப் படிப்பார். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்தால் சிவக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். தம் மகள் அதற்குக் காரணம் சொல்வதை அவர் அன்று கேட்பார்.

நிறமற்றவர் என்று நம்மை எழுதிவைத்தவர்களுக்கு மேடையேறி மறுமொழி சொல்லலாம், சொல்லியும் வந்திருக்கிறோம். நம் பிள்ளைகள் தங்கள் கையால் நிறத்தை அளந்து, கலந்து, காரணம் கேட்டு, கண்டதை எழுதி வைப்பதும் ஒரு மறுமொழியே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகத்தின் பள்ளிகளில் அப்படிப்பட்ட குறிப்பேடுகள் நிறைய வேண்டும் என்று வேண்டுகிறேன்.